வியர்வை விழும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இன்னொருவர் ஓட்டிய ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) சைக்கிளை நான்கு மாதத்துக்கு முன்பு வாங்கினேன். கார்பன் ஃபிரேம், ஷிமானோ அல்டெக்ரா 11 ஸ்பீடு, கேபிள் கியர், ரிம் பிரேக். கியர் லிவர் ஏரோபார் (குனிந்து முன்கையை ஊன்றி ஓட்டுவதற்கான, முன்னே நீளும் கம்பி) முனையில் இருக்கிறது. வார நாட்களில் பால்கனியில் ட்ரெய்னரில் (வண்டியை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் சட்டம்) மிதிக்கிறேன், ஞாயிறு காலை ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்வருகிறேன். ஆறு வாரத்தில் கோவா 70.3 (அரை அயர்ன்மேன் ட்ரையத்லான்) போட்டி இருக்கிறது. மூன்று தொல்லைகள். பின் கியர் பெரிய பல்லுக்கு ஒழுங்காக ஏறுகிறது, சின்னப் பல்லுக்கு இறங்கத் தாமதிக்கிறது. முன்பக்கத்தில் கிறீச் என்று ஒரு சத்தம். அடியில் மரத்துப்போகிறதே என்று சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தேன். மரப்பு கொஞ்சம் குறைந்தது, ஆனால் 40 கிலோமீட்டர் தாண்டினால் தோள்பட்டை கடுக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் இந்த வண்டியில் கைவைக்கத் தயங்குகிறார். வீட்டிலேயே நான் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய தகவல் பால்கனி ட்ரெய்னர்தான். சாலையில் ஓட்டும்போது வியர்வையில் பெரும்பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். ட்ரெய்னரில் காற்று கிடையாது. ஏரோ நிலையில் குனிந்திருக்கும் உங்கள் முகத்துக்கு நேர் கீழே ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு), ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) மேல் பேரிங், கை பேட்களின் போல்ட், கேபிள் வண்டிக்குள் நுழையும் துளை எல்லாம் இருக்கின்றன. சாதாரண ரோடு சைக்கிளில் அழுக்கு கீழிருந்து வரும். இந்த வண்டிக்குக் கேடு மேலிருந்து சொட்டுகிறது. போதாததற்குக் கைகளுக்கு நடுவே இருக்கும் பாட்டிலிலிருந்து சிந்தும் எலெக்ட்ரால், குளுக்கோஸ் தண்ணீர். உங்கள் மூன்று தொல்லைகளில் இரண்டு இங்கே பிறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மூன்றாவது நீங்களே உண்டாக்கியது. அதுவும் சரிசெய்யக்கூடியதுதான்.

வேலையின் வரிசை முக்கியம். முன்பக்கத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வது முதலில், உட்காரும் அளவைத் தீர்மானிப்பது அடுத்து, கேபிள் மாற்றுவது அதற்கும் பிறகு, கியர் ட்யூனிங் கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கியரைத் திருகித் திருகிச் சரிசெய்துவிட்டு, அடுத்த வாரம் ஏரோபாரை 2 செ.மீ. வெளியே இழுப்பார்கள். கேபிள் விறைத்துக்கொண்டு கியர் மறுபடி கெட்டுப்போகும்.

முதலில் வண்டியை எப்படி நிறுத்துவது? தலைகீழாகக் கவிழ்க்கவே கூடாது. எடை முழுவதும் ஏரோபார் முனையிலும் கியர் லிவரிலும் இறங்கும். சீட் கம்பத்தையோ ஃபிரேம் குழாயையோ கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டும் வேண்டாம். வட்டமில்லாத ஏரோ கார்பன் குழாயை அந்தக் கவ்வி நசுக்கிவிடும். ட்ரெய்னரே நல்ல ஸ்டாண்டு. கியர் வேலைக்குப் பின்சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டுமென்றால், பால்கனிக் கம்பியில் அகலமான நாடாவைக் கட்டி சீட்டின் மூக்கைத் தொங்கவிடுங்கள். பின்சக்கரம் தரையிலிருந்து 10 செ.மீ. தூக்கியிருந்தால் போதும்.

கருவிகளில் காசைச் செலவழிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று டார்க் ரெஞ்ச், போல்ட்டின் இறுக்கத்தை 2 முதல் 20 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவது. இன்னொன்று சைக்கிள் கேபிளுக்கென்றே இருக்கும் கட்டர். கட்டிங் பிளையரால் வெட்டினால் கேபிள் நுனி பிரிந்துபோகும், உறை நசுங்கும், அதோடு கியர் வேலை தோற்றது. மற்றபடி 2.5 முதல் 8 மி.மீ. வரை எல்-கீ செட், டி25 நட்சத்திரக் கீ, கிரீஸ், கார்பன் பேஸ்ட், ஐசோபுரோபைல் ஆல்கஹால், பழைய பல் தேய்க்கும் பிரஷ்.

எதையும் தளர்த்துவதற்கு முன் அளவெடுங்கள். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை, சீட் மூக்கிலிருந்து கை பேட்டின் பின் விளிம்பு வரை, தரையிலிருந்து சீட்டின் உயரம், தரையிலிருந்து பேட்டின் உயரம், இரண்டு பேட்களின் மையங்களுக்கு இடைவெளி, பேட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் (ஏரோபாரில் முன்னே நீளும் குழாய்) நுனி வரை. இந்த ஆறையும் தாளில் எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் குழாய் கவ்விக்குள் நுழையும் இடத்திலும் சீட் கம்பம் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்திலும் இன்சுலேஷன் டேப்பில் ஒரு சுற்று ஒட்டிவிடுங்கள். கோவாவுக்குப் பெட்டியில் கட்டி எடுத்துப்போகும்போதும் இந்த டேப்தான் உங்களைக் காப்பாற்றும்.

இனி முன்பக்கம். பாட்டிலையும் பேட் மெத்தைகளையும் கழற்றுங்கள். மெத்தையின் அடியில் வெல்க்ரோ நனைந்து கிடக்கும். அதற்குக் கீழே இருக்கும் போல்ட் தலைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். எல்லாப் போல்ட்டையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, மரையை பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, மரையிலும் தலையின் அடியிலும் மெல்லிய கிரீஸ் பூசி, திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காய்ந்த போல்ட் ரெஞ்சில் 5 காட்டினாலும் உள்ளே அந்த அளவுக்குப் பிடித்திருக்காது, உராய்விலேயே பலம் போய்விடும். உங்கள் கிறீச் சத்தத்துக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். பேட், எக்ஸ்டென்ஷன் கவ்வி, ஸ்டெம் முகப்பு ஆகியவற்றுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர் அளவில் வரும். பாகத்தின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், அந்த எண்ணே இறுதி. நான்கு போல்ட் உள்ள முகப்பை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் பேட்களுக்கும் பாட்டில் கூண்டுக்கும் போதும். ஸ்டெம்முக்குப் போதாது. ஸ்டெம்மில் வருவது அதைவிட வலுவான எஃகு. அதற்குக் கம்பெனி போல்ட்டையோ, அதே வலு எண் தலையில் பொறித்த போல்ட்டையோதான் போட வேண்டும்.

கிரீஸ் போல்ட் மரைக்கு. கார்பன் குழாயைக் கவ்வும் பரப்புக்குக் கார்பன் பேஸ்ட். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. பேஸ்ட்டில் இருக்கும் மணல் போன்ற பொடி வழுக்கலைத் தடுப்பதால் குறைந்த இறுக்கத்திலேயே குழாய் நிற்கும். அங்கே கிரீஸ் பூசினால் எக்ஸ்டென்ஷன் மெல்லச் சுழலும், அதை நிறுத்த இன்னும் இறுக்குவீர்கள், ஒருநாள் கார்பன் விரியும். எக்ஸ்டென்ஷன் அலுமினியமாக இருந்தாலும் பேஸ்ட் போடலாம், சத்தமும் அடங்கும்.

பேஸ்பாரில் (ஏரோபாரைத் தாங்கும் குறுக்கு ஹேண்டில்) சுற்றிய டேப்பையும் இந்த முறை உரித்துவிடுங்கள். பழைய வண்டி, முன்பு ஓட்டியவர் எப்படி வைத்திருந்தார் என்று தெரியாது. பார் அலுமினியமாக இருந்தால் டேப்புக்குக் கீழே வெள்ளையாகப் பூத்திருக்கிறதா பாருங்கள். துடைத்ததும் போய், பரப்பு வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. குழி விழுந்து நகம் மாட்டினால் அந்த பாரைத் தூக்கி எறியுங்கள், விற்கக்கூடச் செய்யாதீர்கள். அலுமினிய பார் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வளையாது. ஏரோ நிலையில் 35 கி.மீ. வேகத்தில் ஒரே கணத்தில் முறியும். கார்பன் பாராக இருந்தால் கவ்வி விளிம்பு, பிரேக் லிவர் நுழையும் முனை, கேபிள் துளை ஆகிய இடங்களில் மயிரிழை விரிசல் தேடுங்கள். நாணயத்தால் தட்டிப் பார்த்தால் நல்ல இடத்தில் கணீரென்றும் அடுக்கு பிரிந்த இடத்தில் மந்தமாகவும் கேட்கும். சந்தேகம் வந்தால் ஓட்டாதீர்கள்.

அடுத்து ஹெட்செட். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் பேரிங் போய்விட்டது. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்செட் வளையத்தில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் மட்டும் என்றால் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்களைத் தளர்த்தி, மேல் மூடியின் போல்ட்டை எட்டில் ஒரு சுற்றாக இறுக்குங்கள். ஆட்டம் நின்று, ஹேண்டில் தாராளமாகத் திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றி முறுக்குங்கள். மேல் மூடி வண்டியைத் தாங்கும் பாகமல்ல. பேரிங்கை அழுத்திவைக்க மட்டுமே இருப்பது, அதை பலத்தோடு திருகினால் பேரிங்தான் நசுங்கும். பேரிங்கையே மாற்ற வேண்டுமென்றால் அதன் விளிம்பில் விட்டமும் கோணமும் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து வாங்கினால் தவறாது. போடும் முன் மேலும் கீழும் கிரீஸைத் தாராளமாக அப்புங்கள். உப்புத் தண்ணீருக்கு அதுதான் அணை. சில வண்டிகளில் ஸ்டெம்மும் ஃபோர்க்கும் ஒரே வடிவமாகச் சேர்ந்திருக்கும்; அப்படியானால் அந்த மாடலின் கையேட்டைப் பதிவிறக்காமல் ஒரு திருகையும் தொடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சத்தம் தொடர்ந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் என்றால் பார் அல்லது ஸ்டெம். உட்கார்ந்தால் மட்டும் என்றால் சீட் கவ்வி அல்லது சீட் கம்பம். ஒரு மிதி சுற்றுக்கு ஒருமுறை என்றால் பெடல், கிராங்க், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங் பகுதி). காது ஏமாற்றும், குழாய்கள் உள்ளீடற்றவை என்பதால் சீட் கம்பத்தின் சத்தம்கூட முன்னால் கேட்கும்.

இப்போது தோள்பட்டை. சீட்டின் மூக்கைச் சாய்த்ததும் உடல் முன்னோக்கி வழுக்குகிறது. வழுக்காமல் இருக்க நீங்கள் அறியாமலே கைகளால் பேட்டைத் தள்ளிக்கொண்டு 40 கி.மீ. போகிறீர்கள். எலும்பு தாங்க வேண்டிய எடையைத் தசை தாங்குகிறது. தரை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, ஃபோனில் உள்ள கோணம் காட்டும் செயலியை ஒரு நேரான அட்டைமேல் வைத்து, நீங்கள் உண்மையில் உட்காரும் முன்பாதியின் சாய்வை அளவிடுங்கள். 1 அல்லது 2 டிகிரி கீழ்நோக்கி இருந்தால் நல்லது. 4, 5 என்று காட்டினால் உங்கள் கடுப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

சாய்வைத் திருப்பினால் மரப்பு திரும்பாதா? அதற்கு வேறு வழி இருக்கிறது. குனியும்போது இடுப்பு முன்னோக்கி உருளுவதால் எடை மென்மையான பகுதியில் விழுகிறது. சீட்டை 5 முதல் 10 மி.மீ. முன்னே நகர்த்துங்கள். சீட் முன்னே போனால் பெடலுக்கு உள்ள தூரம் குறையும். ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் 2 முதல் 3 மி.மீ. சீட்டை உயர்த்தி அதை ஈடுகட்ட வேண்டும். சீட் நுனி கிராங்க் மையத்துக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது யூசிஐ (சர்வதேச சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பு) பந்தய விதியில் வந்த பேச்சு, ட்ரையத்லானுக்கு அது கிடையாது. சீட்டின் இரும்பு அல்லது கார்பன் கம்பியில் கோடு போட்ட எல்லைக்குள் மட்டும் கவ்வி பிடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அதோடு பேட்களை 10 மி.மீ. உயர்த்திப் பாருங்கள். இடுப்பு கொஞ்சம் திறந்து, மரப்பு, தோள், கழுத்து மூன்றுக்கும் நிம்மதி கிடைக்கும். காற்றுத் தடை கூடிவிடுமே என்று கவலைப்படாதீர்கள். தாழ்ந்த நிலையில் 50 கி.மீ. தாங்கி மீதியை எழுந்து உட்கார்ந்து ஓட்டுவதைவிட, சற்று உயர்ந்த நிலையில் பந்தயத்தின் 90 கி.மீ.யும் குனிந்திருப்பது வேகம். பேட்டுக்கு அடியில் 10 மி.மீ. ஸ்பேசர் (இடைத்துண்டு) சேர்த்தால் போல்ட்டும் 10 மி.மீ. நீளமாக வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் இரண்டு மரையில் தொங்கிக்கொண்டிருக்கும், மேட்டில் ஏறி இறங்கினால் மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். அலுமினியத்துக்குள் 5 மி.மீ. போல்ட் குறைந்தது 7, 8 மி.மீ. ஆழம் இறங்கட்டும்.

பேட் முழங்கை மூட்டின் நுனிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. மூட்டுக்குச் சற்று முன்னே, முன்கையின் சதைப் பகுதி அதில் படிய வேண்டும். முழங்கை தோளுக்கு நேர் கீழே அல்லது கொஞ்சம் முன்னே. எக்ஸ்டென்ஷன் நுனி 10 டிகிரி அளவில் மேல்நோக்கி இருந்தால் கை தானாகவே அதில் ஊன்றிக்கொள்ளும், வழுக்கல் குறையும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதையும் இரண்டு மூன்று ஓட்டம் பார்த்த பிறகே அடுத்தது. மூன்றையும் ஒரே சனிக்கிழமை மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இதற்கு முதல் மூன்று வாரத்தை ஒதுக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மரப்பு போகவில்லையென்றால் மூக்கு இரண்டாகப் பிளந்த ட்ரையத்லான் சீட் வாங்குவதைத் தவிர வழியில்லை. மரப்பைச் சகித்துக்கொண்டு மட்டும் ஓட்டாதீர்கள். நரம்பு நசுங்குவதன் அடையாளம் அது.

அளவுகள் நிலைபெற்ற பிறகு கியருக்கு வருவோம். பெரிய பல்லுக்கு ஏற்றுவது உங்கள் கை, கேபிளை இழுத்து. சின்னப் பல்லுக்கு இறக்குவது, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டீரெயிலரில் இருக்கும் ஸ்பிரிங் மட்டுமே. ஏறுவது சுலபம், இறங்குவது தாமதம் என்றால் கேபிள் உறைக்குள் உராய்கிறது, ஸ்பிரிங்குக்கு அதை மீறும் பலம் இல்லை. இந்த வண்டியில் கேபிள் ஏரோபார் நுனியில் தொடங்கி, குழாய்க்குள் நுழைந்து, பல இடங்களில் வளைந்து பின்னால் போய்ச் சேருகிறது. வளைவு கூடக்கூட உராய்வும் கூடும், முதல் வளைவிலேயே உங்கள் வியர்வை உள்ளே இறங்குகிறது. உறுதிசெய்ய: மிதித்துக்கொண்டே பெரிய பல்லுக்குப் போங்கள், மிதிப்பதை நிறுத்திவிட்டு லிவரை மட்டும் சின்னப் பல் வரை தட்டிவிடுங்கள். கேபிள் தொய்ந்துவிடும். பின்னால் இருக்கும் உறை வளைவை அது செருகியிருக்கும் தாங்கியிலிருந்து எடுத்து உள்ளே பாருங்கள். பழுப்பு நிறச் சேறு இருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம். டபிள்யூடி-40 அடித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துக்கொண்டு முன்னைவிடக் கெடும்.

கேபிளும் உறையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கியருக்கு 1.2 மி.மீ. உள்கேபிள். வழக்கமான நீளம் 2,100 மி.மீ.; ட்ரையத்லான் வண்டியில் பின் கியருக்கு இது போதாமல் போவது உண்டு. பழையதை அளந்து, தேவைப்பட்டால் டாண்டம் (இருவர் மிதிக்கும்) வண்டிக்கான நீளக் கேபிளை வாங்குங்கள். உறை 4 மி.மீ. கியர் உறையாகவே இருக்கட்டும். பிரேக் உறைக்குள் கம்பி சுருளாக ஓடும். அதைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் உறை சுருங்கி, பல் மாறும் கணக்கு தப்பும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் பிளந்து பிரேக்கே இல்லாமல் போகும்.

ஃபிரேமுக்குள் கேபிள் உறையில்லாமல் ஓடுகிறதென்றால், பழையதை உருவுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். கேபிள் நுனியின் தொப்பியை வெட்டி, டீரெயிலர் போல்ட்டைத் தளர்த்தி, மெல்லிய பிளாஸ்டிக் லைனர் குழாய் ஒன்றைப் பின்னாலிருந்து பழைய கேபிள்மேல் செருகி, முன்னால் துளை வழியே தலைகாட்டும் வரை தள்ளுங்கள். அதன் பிறகு பழைய கேபிளை உருவுங்கள். லைனர் உள்ளேயே இருக்கும், புதுக் கேபிள் அதற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதைச் செய்யாமல் உருவிவிட்டால் காந்தமும் நூலுமாக ஒரு மாலைப்பொழுது போய்விடும். புது உறையைப் பழையதன் நீளத்துக்கே வெட்டுங்கள். வெட்டிய முகம் தட்டையாக இருக்க வேண்டும், அடைபட்ட துளையை ஊசியால் திறந்துவிடுங்கள். ஏரோபாரின் பின்முனையில் கேபிள் வெளியே வரும் இடத்தில் கூர்மையான மடிப்பு இல்லாமல் அகலமாக வளையட்டும்.

கேபிளைப் போல்ட்டில் பிடிக்கும் முன் எல்லைத் திருகுகளை (டீரெயிலர் எதுவரை நகரலாம் என்று நிறுத்துபவை) பாருங்கள். கேபிள் இல்லாத நிலையில் டீரெயிலரின் மேல் கப்பிப் பல் மிகச் சின்னப் பல்லுக்கு நேர் கீழே, வெளி விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். அதை எச் திருகு தீர்மானிக்கிறது. கையால் டீரெயிலரை உள்ளே தள்ளி, கப்பி மிகப் பெரிய பல்லுக்கு நேராக நிற்கும்படி எல் திருகை வையுங்கள். இதில் கவனம் தப்பினால் செயின் ஸ்போக்குக்குள் விழும். பிறகு லிவரைச் சின்னப் பல் நிலைக்குத் தள்ளி, பேரல் அட்ஜஸ்டரை (கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகு) முழுவதும் உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுத்து, கேபிளைக் கையால் இறுக்கமாக இழுத்து 6 முதல் 7 நியூட்டன் மீட்டரில் பிடியுங்கள். ஒரு கிளிக். இரண்டாம் பல்லுக்கு ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரைப் பின்னாலிருந்து பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று. இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று. பெரிய பல்லில் இருக்கும்போது மேல் கப்பிக்கும் பல்லுக்கும் இடையே 5 முதல் 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், அதற்குப் பி திருகு. சில பற்களில் சரியாகவும் சிலவற்றில் தவறாகவும் இருந்தால், எவ்வளவு திருகினாலும் தீராது, டீரெயிலரை ஃபிரேமில் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. வண்டி வலப்பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே போதும். அதை நிமிர்த்த அளவுகோல் கருவி உள்ள கடைக்குப் போங்கள்.

பிரேக்கில் நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. பல ட்ரையத்லான் வண்டிகளில் பின் பிரேக் பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும், கண்ணில் படாததால் மறந்தே போவார்கள். பிரேக் பேட்களைக் கழற்றி, பதிந்திருக்கும் அலுமினியத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுங்கள். பந்தயத்துக்குக் கார்பன் ரிம் போடுவதாக இருந்தால் பேட்களும் கார்பனுக்கான தனி வகை. பயிற்சிச் சக்கரத்தில் ஓடிய பேட் கார்பன் ரிம்மைக் கீறிவிடும். ரிம் அகலமும் வேறாக இருக்கும் என்பதால் பிரேக் இடைவெளியை மறுபடி சரிபார்க்க வேண்டும். கேசட் (பின்சக்கரப் பற்களின் தொகுதி) இருக்கும் இடம் சக்கரத்துக்குச் சக்கரம் நூலளவு வேறுபடும், ஆகவே கியருக்கும் ஒரு கால் சுற்று தேவைப்படலாம். இதைப் பந்தயத்துக்கு முந்தின இரவு கண்டுபிடிக்காதீர்கள்.

செயினை கேஜ் வைத்து மாதம் ஒருமுறை அளந்து, 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றுங்கள். கேஜ் இல்லையென்றால் எஃகு ஸ்கேல் போதும்: 12 முழு இணைப்பு புதிதில் 304.8 மி.மீ. இருக்கும், 306.3 ஆனால் காலம் முடிந்தது. தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து தேயும், அதன் விலை பல மடங்கு. 11 ஸ்பீடு செயினின் ஷிமானோ இணைப்புக் கண்ணியை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்த அந்தக் கம்பெனியே சொல்வதில்லை. ஈசிஆரில் கடல் காற்றும் மணலும் இருப்பதால் ஈரமான எண்ணெயைவிட மெழுகு வகை மசகுதான் என் தேர்வு: முந்தின இரவு தடவி, காலையில் மேற்பரப்பைத் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். மண்ணெண்ணெயில் கழுவினால் செயின் முழுவதும் காய்ந்த பிறகே மசகு போட வேண்டும். உள்ளே தங்கும் மண்ணெண்ணெய் புதிய மசகைக் கரைத்துவிடும்.

டயரில் பெரும்பாலானோர் தேவைக்கு மேல் காற்றடிக்கிறார்கள். 25 மி.மீ. டயர், 70 கிலோ எடை என்றால் பின்னால் 85, முன்னால் 80 பி.எஸ்.ஐ.யில் தொடங்கிப் பாருங்கள். 110 அடித்தால் வேகம் என்பது வழவழ டிராக்குக்குத்தான் பொருந்தும். கொக்கி இல்லாத ரிம் (டயர் விளிம்பைப் பிடிக்கும் உள்மடிப்பு இல்லாதது) என்றால் உச்சவரம்பு 72.5, அதற்கு மேல் ஒரு புள்ளிகூடக் கூடாது. உயரமான ரிம்முக்கு நீளமான வால்வு உள்ள டியூப், அல்லது வால்வு நீட்டிப்பு வேண்டும். நீட்டிப்பின் மரையில் டெஃப்ளான் டேப் இரண்டு சுற்று சுற்றினால் கசியாது.

ஒவ்வொரு ட்ரெய்னர் அமர்வுக்கும் பிறகு ஸ்டெம், பேட் போல்ட், டாப் டியூபை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணி. இரண்டு நிமிட வேலை, ஆனால் இந்தப் பதிலில் சொன்ன எல்லாவற்றிலும் அதிகப் பலன் தருவது இதுதான். ஓட்டும்போது ஸ்டெம்மின் மேல் ஒரு துண்டைப் போட்டு, எதிரே மின்விசிறியும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை முன்பக்க போல்ட்களை ரெஞ்சால் சரிபாருங்கள். டேப்பை உரித்து பார் முழுவதையும் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

வீட்டில் தொடக்கூடாதவை: அழுத்திப் பொருத்தும் வகை பாட்டம் பிராக்கெட், ஃபோர்க் தண்டை வெட்டுவது, விரிசல் விட்ட கார்பனை ஒட்டுவது. உயரமான ரிம்மில் ஸ்போக் நிப்பிள் உள்ளே மறைந்திருந்தால் சக்கரக் கோட்டத்தையும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

புதுக் கேபிளும் புதுச் செயினும் கோவாவுக்கு முன் குறைந்தது 150 கி.மீ. ஓடியிருக்க வேண்டும். உறைகள் அமர்ந்து கேபிள் சற்றுத் தளரும், அப்போது அட்ஜஸ்டரில் ஒரு கால் சுற்று போதும். கடைசி இரண்டு வாரத்தில் உட்காரும் அளவில் கைவைக்காதீர்கள். பெட்டியில் கட்டும்போது பின் டீரெயிலரை ஹேங்கரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி ஃபிரேமுக்கு உள்பக்கம் கட்டுங்கள். பயணத்தில் முதலில் அடிவாங்குவது ஹேங்கர்தான். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ் என்பதும் நினைவிருக்கட்டும். கூடவே ரிம்முக்கு ஏற்ற வால்வு நீளத்தில் இரண்டு டியூப், ஒரு இணைப்புக் கண்ணி, டார்க் ரெஞ்ச், உங்கள் ஃபிரேமுக்கே உரிய உதிரி ஹேங்கர். ஹேங்கர் மாடலுக்கு மாடல் மாறும், அங்கே போய்த் தேடினால் கிடைக்காது. இன்றே ஆர்டர் செய்துவிடுங்கள். முந்தின நாள் வண்டியை ஒப்படைத்து வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தால் டயரில் 20 பி.எஸ்.ஐ. குறைத்துவிட்டு, காலையில் திரும்ப அடியுங்கள். நீச்சலிலிருந்து ஈரக் காலோடு ஓடிவந்து ஏறப்போகிறீர்கள், ஆகவே செயினை முன்னால் சின்ன வளையத்திலும் பின்னால் நடுப் பல்லிலும் விட்டுவையுங்கள்.